உறக்கத்திற்கும் உரிய பங்கு
(யூபிலி விழாவை ஒட்டி நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஓசூர் உலகுக்கே நேரம் காட்டும் ஊர். டைட்டன் நிறுவனத்தின் முதல் கைக்கடிகார ஆலை 1980-களில் இங்கேதான் எழுந்தது. ஆயினும் இல்லச் சந்திப்புக்கு வரும்போதெல்லாம் நான் கேட்கும் சொல், "தூங்க நேரமில்லை, சாமி" என்பதே.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை என்கிறது மருத்துவம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கோ ஒன்பது மணி நேரமாவது வேண்டும். நம் உடலுக்குள்ளேயும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2017-ல் நோபல் பரிசு பெற்றனர். அக்கடிகாரம் பகலொளியைப் பார்த்து நடக்கிறது. ஷிப்ட் பட்டியலைப் பார்த்து அன்று. ஆகவேதான் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவருக்கு உறக்கம் குறைகிறது, அடிக்கடி கலைகிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், மது அருந்தியவரின் நிதானம்போல் தளர்கிறது என்று 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டி அத்திப்பள்ளியைக் கடந்து வீடு திரும்புகிறவர்கள் நம்மிடையே உண்டு.

ஓய்வு எளிதில் கிடைத்த உரிமையன்று. 1886-ல் சிகாகோ தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினர். 1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், தொழிலாளியின் வலிமைக்கு மிஞ்சி வேலை வாங்கலாகாது என்று வலியுறுத்தினார். நம் மாநிலத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1955-ல் திருச்சபை தொழிலாளியான புனித சூசையப்பருக்கென ஏற்படுத்திய திருநாளும் அதுவே.

ஆனால் ஆலை தந்த ஓய்வை வீடும் தெருவும் பறித்துவிடலாகாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இரவில் உறங்குவோருக்கு அது காவல். பகலில் உறங்குவோருக்கு யார் காவல்? நாம்தான். அந்த அறையின் சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். மிக்ஸி, தொலைக்காட்சிச் சத்தம் சற்றுக் காத்திருக்கட்டும். "பட்டப்பகலில் தூங்குகிறான்" என்று எவரையும் ஏளனம் செய்யாதீர்கள்.

குடும்பத் தலைவர்களே, இன்னொன்று. முதல் ஷிப்டுக்குப் போகும் உங்கள் மனைவி விடியுமுன் எழுந்து சமைக்கிறார். இரவிலும் கடைசியாகப் படுப்பவர் அவரே. பாத்திரம் கழுவுவதையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் நீங்கள் ஏற்றால், அவருக்கு ஒரு மணி நேர உறக்கம் கூடும். இளைஞர்களே, நள்ளிரவுவரை கைப்பேசியில் கரையும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.

இறைவாக்கினர் எலியா களைத்துச் சாக விரும்பிச் செடியடியில் கிடந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். அதன் பிறகே நெடும்பயணம் தொடங்கிற்று.

எனவே இந்த யூபிலி ஆண்டு முதல் நம் பங்கில் இரண்டு ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம். வேலை நாட்களில் காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை கோயில் ஒலிபெருக்கி ஒலிக்காது, திருவிழா நாட்களிலும்கூட. அன்பியக் கூட்டங்கள் இரவு எட்டரைக்குள் முடியும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலிக்குக் கண்ணயர்ந்தபடி வர வேண்டாம். உறங்கி எழுந்து மாலைத் திருப்பலிக்கு வாருங்கள்.

உழைக்கும் உங்கள் கைகளையும், ஓய்வெடுக்கும் உங்கள் கண்களையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.