மழை நாளில் பிள்ளைக் காம்பராவில் விளையாட்டு

(கந்தப்பளையில் பிள்ளைப் பராமரிப்பு ஆயம்மாமார்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம கந்தப்பளையில் மழைக்குக் குறைவில்லை. வருட நடுவில் ஒரு மழை, வருடக் கடைசியில் இன்னொரு மழை, அது விட்டால் பனி. அம்மா படங்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறாள். பிள்ளை உள்ளே இருக்கிறது. அன்றைக்குப் பூராவும் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

"நம்ம பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளைங்க ஐயா, வச்ச இடத்துல அப்படியே இருக்கும்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இது பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஐந்து வயது வரை வாய் திறக்காமல் இருந்த பிள்ளை, முதலாம் ஆண்டுக்குப் போனதும் திடீரென்று பேசிவிடுமா? டீச்சர் பெயர் கேட்டால் தலையைக் குனியும். கடைசி வாங்கில் போய் ஒதுங்கும். படிப்பில் பின்தங்குவது அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. பேச்சும், எண்ணிக்கையும், மற்ற பிள்ளையோடு சேர்ந்து பழகுவதும் விளையாட்டில்தான் வரும்.

விளையாட்டு பிள்ளையின் உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. லயத்துப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

இப்போது அழுதால் உடனே கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது என்ன தெரியுமா? இரண்டு வயது ஆகும் வரை டீவி, போன் எதுவும் வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். காசு செலவில்லாத சில விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

1. கைக்குழந்தைகளுக்கு: பருப்புக் கடைதல், நண்டூருது நரியூருது. நம்ம பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று ஊட்டும்போது பிள்ளை முகத்தைப் பார்க்கும், சிரிக்கும், சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

2. பைக்குள் என்ன: ஒரு துணிப்பையில் உருளைக்கிழங்கு, கரட், கரண்டி, சீப்பு இவற்றைப் போடுங்கள். பார்க்காமல் கையை விட்டுத் தடவி, என்னவென்று பிள்ளை சொல்ல வேண்டும். "வழுவழுப்பா இருக்கா, சொரசொரப்பா இருக்கா?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

3. எது காணோம்: ஐந்து சாமான்களை வரிசையாக வைத்துக் காட்டி, துண்டால் மூடி, ஒன்றை எடுத்துவிடுங்கள். துண்டை எடுத்ததும் எது இல்லை என்று சொல்ல வேண்டும். ஞாபக சக்திக்கு நல்லது. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று சாமான் போதும்.

4. ஒத்தையா இரட்டையா: கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு கேட்பது. திறந்து இரண்டு இரண்டாகப் பிரித்தால் கணக்குப் பாடம் முடிந்தது.

5. பல்லாங்குழி: பலகை இல்லை என்று கவலை வேண்டாம். முப்பது முட்டைத் தட்டில் ஒரு வரிசைக்கு ஆறு குழி இருக்கும். இரண்டு வரிசை எடுத்து, குழிக்கு மூன்று கொட்டை போட்டால் முப்பத்தாறு. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சின்னவர்கள் போட்டு எண்ணினாலே போதும். ஜெயிக்கிற கணக்கைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

6. கொழுந்து எடுக்கிற விளையாட்டு: இதைப் பிள்ளைகளே விளையாடுவார்கள். ஒருத்தி கொழுந்து எடுப்பாள், ஒருத்தன் நிறுப்பான், ஒருத்தன் கங்காணியாகச் சத்தம் போடுவான். தடுக்காதீர்கள். ஆனால் நாளைக்கு டீச்சர் விளையாட்டு, மறுநாள் டாக்டர் விளையாட்டு என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். தான் என்னவாக வரலாம் என்று பிள்ளை முதலில் விளையாட்டில்தான் பார்க்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் புளியங்கொட்டை, பட்டன், சின்னக் கல் கொடுக்கவே கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள். விளையாட்டு முடிந்ததும் எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மேலே வையுங்கள். அடுப்பு எரியும்போது அடுப்படியில் விளையாட விடாதீர்கள். இஸ்தோப்பிலோ காம்பராவிலோ சாக்கு விரித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. தம்பியைப் பார்த்துக்க ஆளில்லை என்று அக்காவை ஸ்கூலுக்கு அனுப்பாமல் நிறுத்துகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்த அக்காவும் பிள்ளைதான். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள், அவளை ஸ்கூலுக்கு விடுங்கள். அதேபோல, கொழும்பில் பிள்ளை பார்க்கிற வேலை இருக்கிறது என்று யாராவது வந்து கேட்டால், வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். 2021இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பொதுவாக வேலைக்குச் சேர்க்கிற குறைந்த வயது பதினாறு. அதற்கு முந்தி பதினான்காக இருந்தது.

கொழும்பு வீடுகளிலும் அரபு நாடுகளிலும் மற்றவர் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பிய பெண்கள் நம்ம லயங்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, கதை சொல்லி, கட்டை அடுக்கி விளையாட்டுக் காட்டியவர்கள் அவர்கள். அந்தக் கைப்பழக்கம் நம்ம பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும். அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்தால் ஆயம்மாவுக்கும் பெரிய உதவி.

தாய்மாரே, சாயந்தரம் களைத்துப்போய் வருவீர்கள், எனக்குத் தெரியும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பத்து நிமிஷம் போதும். "இன்னைக்கு என்ன விளையாடினே?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள்.