உயர்தரம் எந்தப் பாடசாலையில்?



அமெரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே படிப்பிக்கும் ஏற்பாடு ஒன்று 1950களிலிருந்து நடக்கிறது. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்பது அதன் பெயர். பரீட்சையில் ஐந்துக்கு நான்கோ ஐந்தோ எடுத்தால், பல பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டுப் பாடங்களில் ஒன்றிரண்டைக் கழித்துக் கொடுக்கும். கேட்கப் புதுமையாக இருக்கிறதா? நம்முடைய பதின்மூன்றாம் தரத்துப் பிள்ளை உயர்தர இணைந்த கணிதத்தில் வகையீடு, தொகையீடு, நிலையியல், இயக்கவியல் என்று முட்டி மோதுவதும் ஏறத்தாழ அதே சரக்குத்தான். பிரிட்டிஷ் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு உள்ளவருக்கும் அமெரிக்காவில் அந்தச் சலுகை கிடைக்கிறது. இங்கே உயர்தரம் வெறும் வடிகட்டி. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தேறிப் போனாலும் எல்லாம் முதலிலிருந்துதான்.

ஆக, கல்லூரித் தரப் படிப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

நம் பாடசாலைகளுக்குள்ளும் ஒரு சாதிக் கணக்கு உண்டு, அவையோரே. 1 ஏபி என்றால் விஞ்ஞானம் உட்பட உயர்தரம். 1 சி என்றால் கலையும் வர்த்தகமும். இரண்டாம் வகை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை அதற்கும் கீழே. மாத்தளை நகரத்தில் பாக்கியம், இந்து, ஸாஹிரா என்று பெயர் சொல்லத் தமிழ்மொழிப் பாடசாலைகள் இருக்கின்றன. மலையேறினால், தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைதான். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’ எடுத்த லயத்துப் பிள்ளை, பஸ்ஸும் விடுதியும் கைகொடுக்காவிட்டால், பக்கத்தில் இருக்கும் கலைப்பிரிவில் போய் உட்காருகிறது. கலைப்பிரிவு மட்டமானது என்று யாரும் சொல்லவில்லை. மாத்தளை எழுத்தாளர்கள் கூடியிருக்கும் சபையில் அப்படிச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்க முடியுமா? பிள்ளை விரும்பி எடுத்தால் அது தெரிவு. பஸ் இல்லாததால் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

இந்த இடைவெளி நேற்று வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழ்ப் பிள்ளைகள் வானியலும் உயர் கணிதமும் படித்தார்கள். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1850களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அதே காலத்தில்தான் தமிழகத்திலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டைக் கடந்து, இந்த மாத்தளை வழியாக மலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் வாந்திபேதிக்குப் பலியானவர்கள் ஏராளம். அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்காக 1920இல் வந்த சட்டம், ஆறு முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி கொடுத்தால் போதும் என்றது. 1945இன் இலவசக் கல்வியும் தோட்டத்துக்குள் நுழையவில்லை. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

இன்றைய நிலைக்கு இரசாயனவியல் செய்முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமிலத்தை வைத்துக் காரத்தை நியமிப்புச் செய்யும்போது, பினோத்தலீனின் இளஞ்சிவப்பு எந்தத் துளியில் மறைகிறது என்பதைக் கண் பார்க்க வேண்டும், கை அளவியின் திருகைச் சட்டென்று மூட வேண்டும். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் அதைக் கரும்பலகையில் சோக்கட்டியால் வரைந்து காட்டுகிறார்கள். பரீட்சைக்கு வரும் வினாத்தாளோ நாட்டுக்கெல்லாம் ஒன்று. பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து வரும் இசட் புள்ளிக்கு அளவி பார்த்த பிள்ளையும் பார்க்காத பிள்ளையும் ஒன்றுதான்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். விஞ்ஞானப் பிரிவுகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு, மாத்தளை இல்லை. எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்தில் மூன்று பாடத்துக்கும் டியூஷன் போகும் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கிறார்கள். ஒதுக்கீட்டை மாவட்டத்தோடு நிறுத்தாமல் பாடசாலை வகையையும் பார்த்துப் போட்டால் என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அது கொழும்பில் முடிவாக வேண்டியது, நாளாகும். விடுதி அப்படியல்ல. நகரத்து 1 ஏபி பாடசாலைகளுக்குப் பக்கத்தில், தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு வருடம் தங்கிப் படிக்க ஒரு வீடு, பொறுப்பான ஓர் அம்மா, இரவில் படிக்க வெளிச்சம். இந்த மண்டபத்தில் இருக்கும் வர்த்தகப் பெருமக்களும் பழைய மாணவர் சங்கங்களும் அடுத்த உயர்தர வகுப்பு தொடங்குமுன் அதைச் செய்ய முடியும்.