லாகிரிப் பழக்கமும் பிற குற்றங்களும்



தில்லியில் நம்மவர் குடியிருக்கும் பகுதியொன்றில், ஒரு வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு காணாமற் போயிற்று. பாத்திரம் துலக்க வந்த பெண்மீது ஐயங் கொண்டு அவளை விலக்கினர். சில வாரங்கள் கழிந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. விளக்கை எடுத்து விற்றவன் அவ்வீட்டு மூத்த மகன், ஹெராயினுக்கு அடிமைப்பட்டவன்.

லாகிரி வஸ்துவுக்கும் பிற குற்றங்களுக்கும் உள்ள பிணைப்பு யாது? பால் கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் 1985-ஆம் ஆண்டில் போதைப் பொருள் சார்ந்த வன்முறையை மூவகையாகப் பகுத்தார். பொருளை உட்கொண்டு மதி மயங்கிச் செய்வது ஒன்று. பொருள் வாங்கப் பணம் வேண்டிச் செய்யும் வழிப்பறி முதலியன மற்றொன்று. கள்ள வாணிகத்திலேயே பிறப்பது மூன்றாவது; அங்கே கொடுத்த கடன் திரும்பாவிடில் நீதிமன்றத்தை நாட இயலாது; கத்தியே தீர்ப்புக் கூறும்.

நம் மகன் இரண்டாம் வகையின் வாயிலில் நின்றான். ஹெராயின் கிடையாதபோது சில மணி நேரத்திலேயே உடல்வலியும் வாந்தியும் உறக்கமின்மையும் வாட்டும். அவ்வேதனையே கையை நீட்டச் செய்கிறது. ஆயினும் லாகிரி கொள்வோர் அனைவரும் திருடர் என்பது பிழை. முன்னரே குற்றத்திற் பழகிப் பின்னர் லாகிரியைப் பற்றியவரும் பலர். மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளால் தொடர்ந்து சிகிச்சை பெறுவோரிடம் குற்றங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நமது நாட்டின் போதைப் பொருள் சட்டமும் 1985-இல் இயற்றப்பட்டதே. அதன் 64-அ பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெறின், அக்குற்றத்திற்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து விலக்குப் பெறலாம். ஹெராயினைப் பொறுத்தவரை 5 கிராமுக்குக் குறைவானதே சிறிதளவு. ஆனால் திருட்டுக்கு இவ்விலக்கு இல்லை. ஆகவே விளக்கு மறையும்வரை காத்திராமல், பழக்கம் தெரிந்த அன்றே மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

அயலூரில் வாழும் நாம், ஊராருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி இதனை மறைக்கிறோம். மறைத்தலால் நோய் தணிவதில்லை. 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

அம்மகன் இன்று சிகிச்சை பெறுகிறான். விலக்கப்பட்ட அப்பெண்ணை அவன் தாய் பல தெருக்களில் தேடியும் காணவில்லை. காலந் தாழ்த்தியதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டியிருக்கிறது.