ஓர் அரங்கு, ஆறு பொழுது



அகப்பொருளின் முதற்பொருள் யாது என்று வகுக்க வந்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் ஒருசேர வைத்தார். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பொழுதைக் கொடுத்தார். நிலம் இன்றிப் பொழுது இல்லை என்பது இதன் உட்கிடை. மாலை என்றால் எவ்விடத்து மாலை என்னும் வினா பழந்தமிழ்ப் புலவனுக்கு எழவே இல்லை. பாடுவோனும் கேட்போரும் ஒரே வானத்தின்கீழ் இருந்தனர்.

இன்று அவ்வாறு இல்லை. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், இணையவழிக் கவியரங்கு இலக்கிய மன்றங்களின் வழக்கமாயிற்று. சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் மாலை 6.30 மணிக்கு ஓர் அரங்கு தொடங்குவதாகக் கொள்க. அதே கணத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிற்பகல் 3 மணி. இலண்டனில் பகல் 1 மணி. டொராண்டோவில் காலை 8 மணி. கலிபோர்னியாவில் விடியற்காலை 5 மணி. சிட்னியிலோ நள்ளிரவு 12 மணி. நாளை ஆறு கூறாக்கி, கூறு ஒன்றுக்குப் பத்து நாழிகை எனக் கொள்ளும் மரபுப்படி பார்த்தால், சென்னை மாலையில் இருக்கிறது. சிட்னி யாமத்தில், கலிபோர்னியா வைகறையில், டொராண்டோ காலையில், இலண்டன் நண்பகலில், டர்பன் எற்பாட்டில். ஆறு சிறுபொழுதும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கின்றன. தலைமையுரை ஆற்றுபவர் "இந்த இனிய மாலைப்பொழுதில்" என்று தொடங்கும்போது, அவையில் அறுவரில் ஒருவருக்கே அது மாலை.

இந்தச் சிக்கல் எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்றே பார்த்தல் நன்று. கதிரவன் ஒரு பாகை கடக்க நான்கு நிமிடமும், பதினைந்து பாகை கடக்க ஒரு மணி நேரமும் ஆகும். ஆதலின் நாகப்பட்டினத்தில் உச்சிப்பொழுது ஆகிக் கிட்டத்தட்ட 11 நிமிடம் கழித்தே கோவையில் உச்சிப்பொழுது வரும். மாட்டுவண்டிக் காலத்தில் இந்த வேறுபாடு எவரையும் வருத்தவில்லை. இருப்புப்பாதை வந்தபோதுதான் வருத்தியது. 1792-இல் சென்னையில் அமைந்த வானாய்வுக்கூடம் கணித்தளித்த நேரம் 'மதராசு நேரம்' எனப்பட்டது. அது கிரீன்விச்சினும் 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்தமையால், இந்திய இருப்புப்பாதைகள் அதனையே நெடுங்காலம் பொதுநேரமாகக் கொண்டன. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பேராளர்கள் கூடிக் கிரீன்விச்சை முதல் நெடுங்கோடாக ஏற்றனர். 1906-இல் இந்தியா 82½ பாகை நெடுங்கோட்டின் நேரத்தைத் தனக்கெனக் கொண்டது. அன்றுமுதல் சென்னைக் கடிகாரம் சென்னைக் கதிரவனைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியே ஓடுகிறது. அதை எவரும் உணர்வதில்லை. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். நேரம் வெறும் கணக்காக மட்டும் இருந்திருப்பின் இத்தனை பிடிவாதம் எதற்கு?

ஈழத்து வரலாறு இதனினும் கூரியது. மின் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கே வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவில், ஒரே கதிரவன்கீழ், வவுனியாவுக்கு ஒரு மணி, கிளிநொச்சிக்கு ஒரு மணி. கடிகார முள் நாட்டெல்லையும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனிக் கணக்கு. கவிஞர்கள் கணக்கென்றால் முகம் சுளிப்பர். ஆயினும் இது எளிதே. ஓர் ஊரின் நேரத்திலிருந்து அவ்வூர் கிரீன்விச்சுக்கு எவ்வளவு முந்தியதோ அதனைக் கழிக்க வேண்டும். வருவதனோடு மற்றோர் ஊரின் வேறுபாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இந்தியாவுக்கு 5½ மணி. பழைய அளவையில் 13¾ நாழிகை. பலரும் தவறுவது இந்த அரைமணியிலேதான். முள் கடிகாரம் அணிந்தவர்க்கு ஒரு குறுக்குவழி உண்டு. இந்திய நேரம் காட்டும் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் கிரீன்விச் நேரம் தெரியும். நண்பகல் 12 மணி, தலைகீழாக 6.30 ஆகிறது. மணிமுள் சற்றுப் பிந்தி நிற்கும். அதைப் பொருட்படுத்த வேண்டா. டொராண்டோவுக்கு வேறொரு வழி: மாலையைக் காலையாக மாற்றிக் குளிர்காலத்தில் 1½ மணியும் கோடையில் 2½ மணியும் கூட்டினால் போதும். சென்னை மாலை 6.30, டொராண்டோவின் காலை 8 அல்லது 9. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்தவர்கள் இதனைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பர்.

குளிர்காலம், கோடை என்று பிரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஆண்டு முழுதும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. மேலைநாடுகள் பலவும் ஆத்திரேலியாவின் சில மாநிலங்களும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகின்றன. அவையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. 2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. மார்ச் 2-ஆம் நாள் சென்னை மாலை 6.30 என்பது டொராண்டோவுக்குக் காலை 8, இலண்டனுக்குப் பகல் 1, சிட்னிக்கு நள்ளிரவு 12. மார்ச் 9-ஆம் நாள் டொராண்டோ மாறிவிட்டது. அங்கே 9 மணி. இலண்டன் மார்ச் 30 வரை மாறவில்லை. ஏப்ரல் 6-ஆம் நாள் சிட்னி எதிர்த்திசையில் மாறி, அங்கே இரவு 11 ஆயிற்று. சென்னையில் இருப்பவர் ஒரே நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறார். ஐந்து வாரங்களுக்குள் மூன்று ஊர்களும் அவர் காலடியில் நகர்ந்துவிட்டன. சென்ற மாத அழைப்பிதழை அப்படியே படியெடுத்து அனுப்பும் பழக்கம் இங்கேதான் இடறி விழுகிறது.

எல்லாவற்றினும் பெரிய குழப்பம் மணியில் இல்லை, கிழமையில் இருக்கிறது. பஞ்சாங்க மரபில் நாள் கதிர் எழும்போது தொடங்கும். ஆங்கில மரபில் நள்ளிரவில் தொடங்கும். தமிழர் இரண்டையும் கலந்தே பேசுவர். பின்னிரவு ஒரு மணியை "நேற்று ராத்திரி" என்பதே பேச்சுவழக்கு. இப்போது, "சிட்னி நேரம்: ஞாயிறு இரவு 12 மணி" என்று ஓர் அழைப்பிதழ் அச்சாகிறது என்று கருதுக. அழைத்தவர் எண்ணியது ஞாயிறு முடியும் நள்ளிரவு. சிட்னியில் எழுபது வயதுப் புலவர் ஒருவர், ஞாயிறு தொடங்கும் நள்ளிரவு என்று அதனைப் படிக்கிறார். சனிக்கிழமை இரவெல்லாம் பாடலைச் செப்பனிட்டு, வேட்டி உடுத்தி, திரைமுன் அமர்கிறார். எவரும் வரவில்லை. அரங்கு நின்றுபோயிற்று என்று எண்ணி உறங்கிவிடுகிறார். மறுநாள் இரவு அரங்கு நடக்கிறது. அவர் பெயர் மும்முறை அழைக்கப்படுகிறது. நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் 'வரவில்லை' என்று எழுதப்படுகிறது. இருவரில் எவர்மீதும் குற்றம் இல்லை. பாடல் மட்டும் கேட்கப்படாமல் போயிற்று.

திதி பார்ப்பவர்க்கும் இதே இடர் உண்டு. திதி என்பது நிலவும் கதிரும் விலகி நிற்கும் அளவு. உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுவது. சென்னையில் திங்கள் காலை 9.30-க்கு ஒரு திதி முடிந்தால், குளிர்கால டொராண்டோவில் அப்போது ஞாயிறு இரவு 11 மணி. திங்கள் விடியும்போது அங்கே அந்தத் திதி இல்லை. சென்னைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திங்களன்று தந்தைக்குக் கடன் செய்பவர் ஒருநாள் பிந்திவிடுகிறார். தொலைநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு இதனை எவரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே அழைப்பிதழ் எழுதுவோர் செய்யத்தக்கன சில. சுருக்கெழுத்துகளை அறவே விலக்க வேண்டும். 'ஐ.எஸ்.டி.' என்பதை இந்தியாவைப் போலவே இசுரேலும் அயர்லாந்தும் வழங்குகின்றன. ஊரின் பெயரைச் சொல்வதே நன்று: சென்னை, இலண்டன், டொராண்டோ. நிலத்தைச் சொல்லாது பொழுதைச் சொல்வது முதற்பொருளில் பாதியை விழுங்குவதாகும். ஒவ்வோர் ஊருக்கும் நாளும் கிழமையும் தனித்தனியே அச்சிட வேண்டும். நள்ளிரவு வந்தால் "ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் நள்ளிரவு" என்றே எழுத வேண்டும். அழைப்பிதழில் ஒரு வரி நீளும், நீளட்டும்.

இவ்வளவும் செய்தாலும், எல்லார்க்கும் உகந்த நேரம் என ஒன்று கிடைக்காது. சென்னை மாலை 6.30 சனவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பின்னிரவு 2 மணி. முற்பகல் 11 என்று வைத்தால் ஆக்லாந்துக்கு மாலை 6.30, சிட்னிக்குப் பிற்பகல் 4.30; ஆனால் இலண்டனுக்குக் காலை 5.30, டொராண்டோவுக்கு நள்ளிரவு கடந்து 12.30. ஒருமுறை மாலையும் மறுமுறை முற்பகலுமாக மாற்றி வைப்பதே நேர்மை. ஒரே ஊரார் ஆண்டு முழுதும் உறக்கத்தைத் துறந்து தமிழ் கேட்க வேண்டும் என்பது அன்பாகாது. இன்னும் ஒன்று. மூத்தவர் இறுதியில் பாடுவது அரங்க மரபு. தலைமை அவருக்காகக் காத்திருப்பதும் மரபு. இணையவழி அரங்கில் இம்மரபைத் தளர்த்தல் வேண்டும். யார் மூத்தவர் என்று பார்ப்பதற்கு முன், யாருடைய ஊரில் இப்போது யாமம் என்று பார்க்க வேண்டும். அவரை முதலில் அழைத்துப் பாடச் செய்து, விரும்பினால் விடைபெற்று உறங்கப் போகலாம் என்று தலைவரே சொல்லிவிட வேண்டும்.