'பரையா ஸ்டேட்' என்று எழுதலாமா?

(காட்பாடியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சுவழக்கு ஆங்கிலத் தொடர்களை எழுத்தில் சரியாகக் கையாள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களில் பலர் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள். 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் சிரிப்பார்களோ என்று தயங்குகிறோம். அது நம் ஊர் அலுவலக ஆங்கிலம், யாரையும் புண்படுத்தாது. யாரும் சிவப்பு மையால் சுழிக்காத சில தொடர்கள்தான் புண்படுத்துகின்றன.

உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பரையா ஸ்டேட்' என்கின்றன. தெருநாய்க்கு 'பரையா டாக்', பருந்துக்கு 'பரையா கைட்' என்றும் பெயர் வைத்தார்கள். அகராதியைத் திறந்து பாருங்கள். பறையர் என்ற பெயர்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் அது 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொதுப்பொருளுக்கு வந்துவிட்டது. அதே நூற்றாண்டில், 1860இல், பாஸ்டன் நகரத்து மேட்டுக்குடியைக் குறிக்க ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எடுத்த சொல் 'பிராமின்'. நம் ஊர் மேல்கீழ் அப்படியே கப்பலேறியிருக்கிறது.

இங்கே இந்தப் பெயர் பெரிய போராட்டக்களமாக இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்குப் பதில் 'ஆதி திராவிடர்' என்று எழுத அரசாணை வந்தது. ஒரு சமூகம் தன் பெயரைத் தானே சொல்வது வேறு. அடுத்தவர் அதை வசைக்கு உவமையாக எடுப்பது வேறு.

என் கட்டுரை ஒன்றைத் திருத்தியவர், நான் 'ஐசோலேட்டட் ஸ்டேட்' என்று எழுதியதை அடித்துவிட்டு 'பரையா ஸ்டேட்' என்று போட்டார். நடை துள்ளலாக இருக்குமாம். பழையபடி மாற்றி, ஓரத்தில் இரண்டு வரி காரணம் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். வெல்ல முடியாத ஆட்டக்காரரை 'அன்டச்சபிள்' என்று புகழ்கிறார்கள், 'அன்பீட்டபிள்' போதும். 'அவுட்காஸ்ட்' என்ற சொல் கடைசியில் 'இ' இல்லாமல் வந்தால், தூக்கியெறிதல் என்ற இடைக்கால ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. 'இ' சேர்ந்தால் சாதிக்குப் புறம்பானவர் என்று பொருள். மாற்றி எழுதினால் பொருளே மாறும். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும்போது உள்ளபடியே கொடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் வேண்டாம்.

ஆங்கிலம் நமக்கு வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில்தான் எழுதினார். மாநாட்டுக்காரர்கள் மாற்றச் சொன்னபோது மறுத்தார், மாநாடு ரத்தானது. 1936இல் அதைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். உங்கள் அடுத்த கட்டுரையை ஒப்படைக்கும் முன் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். யாராவது ஏன் மாற்றினாய் என்று கேட்டால் அகராதியைக் காட்டுங்கள்.