நம் வெப்சைட் வீடு மாறிய கதை

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். லெட்ஜர் எழுதினேன். அந்த லெட்ஜர் கம்ப்யூட்டருக்குள் போனபோது நானும் கூடவே போனேன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் நம் சங்கத்தின் வெப்சைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் நான் ஒரு தப்பும் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் பழைய வெப்சைட்டை உருவாக்கியவர் மறைந்த நம் முன்னாள் செயலாளர். ஓர் இலவச சேவையில், ராத்திரி கண்விழித்து, தனியாளாகச் செய்தார். பராமரிப்புக் கணக்கு, கூட்டத் தீர்மானங்கள், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தரைக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் வரைபடம் எல்லாம் அதில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துச் சங்க அலுவலகம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பீரோவில் இருந்த காகிதங்கள் கூழாகிவிட்டன. அந்தக் குழாய் வரைபடத்தை அவர் முன்பே ஸ்கேன் செய்து ஏற்றியிருந்ததால் அது ஒன்று மிஞ்சியது. போன வருடம் வண்டிப் பாதையில் அடைப்பு வந்தபோது பிளம்பர் அதைச் செல்போனில் பார்த்துத்தான் சரியான இடத்தில் தோண்டினார். இல்லாவிட்டால் பாதை முழுவதையும் கொத்தியிருப்போம்.

இந்தச் சேவை மூடப்படுகிறது என்ற செய்தி நமக்கு எப்படித் தெரிந்தது? சங்கத்துக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. கணக்கு அவருடைய சொந்த இமெயிலில் இருந்தது. சி பிளாக்கில் இருக்கும் அவர் மனைவி ஒருநாள் செல்போனோடு வந்து, "அண்ணா, இவருக்கு ஏதோ மெயில் திரும்பத் திரும்ப வருது, என்னன்னு பாருங்களேன்" என்றார். பார்த்தால் அது மூன்றாவது நினைவூட்டல். மூடுவதற்குப் பதினேழு நாள்தான் பாக்கி. அந்த அம்மா கணவரின் போனை அணைத்துப் பெட்டியில் வைத்திருந்தால், ஒருநாள் காலையில் வெப்சைட் இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும்.

இது நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் வெப்சைட் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற சேவையை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. சிறு கடைக்காரர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நடத்திய ஆஃபீஸ் லைவ் ஸ்மால் பிசினஸ் 2012 ஏப்ரலில் நின்றது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி ஆப்பிளின் மொபைல்மீ மூடப்பட்டபோது, அதில் வைத்திருந்த வெப்சைட்டுகளும் சேர்ந்து போயின. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஒருபக்க வெப்சைட்டை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். இவர்கள் யாரும் நொடித்துப் போனவர்கள் இல்லை. கட்டுப்படியாகாத சேவையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். நாம் பணம் கட்டாத இடத்தில் நமக்கு வாடிக்கையாளர் என்ற உரிமையும் குறைவு.

இப்போது ஒரு விஷயத்தை விளக்குகிறேன். இது எனக்கே பாதி வேலை முடிந்த பிறகுதான் புரிந்தது. வெப்சைட் என்பது ஒரு பொருள் இல்லை, மூன்று பொருள். முகவரி ஒன்று, அதற்கு டொமைன் என்று பெயர். நம் பக்கங்களும் படங்களும் தங்கியிருக்கும் இடம் இரண்டாவது, அது ஹோஸ்டிங். அந்தப் பக்கங்களைக் கட்டித் தரும் மென்பொருள் மூன்றாவது. நம் ஃபிளாட்டோடு ஒப்பிட்டால் கதவு எண், நிலம், கட்டடம் மாதிரி. இலவச சேவையில் மூன்றும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கை மூடியதும் மூன்றும் போய்விட்டன. முகவரியில்கூடப் பாதி அவர்கள் பெயர்தான். அதனால் பழைய முகவரியை எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், கேட்டில் ஒட்டிய கியூஆர் கோடு எல்லாம் வீணாயின.

சரி, என் தப்புக்கு வருகிறேன். அந்தச் சேவையில் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்ய ஒரு பட்டன் இருந்தது. முதல் நாளே அழுத்தினேன். ஒரு ஜிப் ஃபைல் வந்தது. பெரிய நிம்மதி. பத்திரமாகப் பென் டிரைவில் வைத்துவிட்டு, புது இடம் தேடுவதில் பத்து நாளைக் கழித்தேன். ஏ பிளாக்கில் கல்லூரியில் படிக்கும் பெண் வந்து, "தாத்தா, அதைத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். திறந்து பார்த்ததும் முகம் வெளிறிப் போனது. எழுத்துகள் இருந்தன. படங்களில் பெரும்பாலானவை கட்டைவிரல் அளவில் இருந்தன. இணைப்பாக வைத்திருந்த பிடிஎஃப் ஒன்றுகூட இல்லை. "பணத்தைக் கவுண்டரிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முப்பது வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர்களிடம் சொன்னவன் நான். எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தவனும் நானே.

மிச்சமிருந்த நாட்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எடுத்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் பெயர், எழுத்து, படம், பிடிஎஃப் என்று கட்டம் போட்டு, எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகே டிக் அடித்தோம். குழாய் வரைபடம் முழு அளவில் கிடைத்தது. அன்றே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முதல் மாடியில் வைத்திருக்கிறேன். ஆனால் 2015 வெள்ளத்தின் புகைப்பட ஆல்பத்தைக் கடைசிக்கு என்று வைத்திருந்தோம். அவர்கள் வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்ததில், கடைசி தேதிக்கு முன்பே ஆல்பம் திறக்காமல் போய்விட்டது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமெரிக்க அமைப்பு 1996-லிருந்து உலகத்து வெப்சைட்டுகளைப் பிரதி எடுத்து வைக்கிறது. அவர்களுடைய வேபேக் மெஷினில் நம் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடினோம். வெள்ளத்தைப் பற்றிச் செயலாளர் எழுதிய பக்கம் கிடைத்தது. யார் வீட்டில் யார் தங்கினார்கள், எந்த மாடியில் சமையல் நடந்தது என்பதெல்லாம் அவர் எழுதியபடியே இருக்கிறது. படங்கள் இல்லை.

அடுத்து, புது இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்கிறேன். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: நாளைக்கு உன்னை விட்டுப் போகவேண்டும் என்றால் என் சாமானை எடுத்துக்கொண்டு போகலாமா?

இன்னொரு இலவச சேவைக்கே போகலாம் என்று சிலர் சொன்னார்கள். மறுபடி இதே கதைதான் என்று விட்டுவிட்டோம். விக்ஸ் போன்ற கட்டண சேவைகளைப் பார்த்தோம். பயன்படுத்தச் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் அங்கே கட்டிய வெப்சைட்டை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகவே வைத்துக்கொண்டால் எந்த இடத்திலும் ஓடும், பழுதும் வராது. ஆனால் ஒரு நோட்டீஸ் போடக்கூட விவரம் தெரிந்தவர் வேண்டும். அடுத்து வரும் செயலாளருக்கு அது கஷ்டம்.

கடைசியில் வேர்ட்பிரஸ் என்று முடிவு செய்தோம். 2003-ல் வந்த மென்பொருள் இது. மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது, எந்த ஒரு கம்பெனியின் ஹோஸ்டிங்கோடும் கட்டிப்போடப்படவில்லை. ஒரு ஹோஸ்டிங் சரியில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். வேலை தெரிந்தவர்களும் எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு ஹோஸ்டிங் சேவை, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருள் கிடைக்கும் இடம். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மென்பொருளை அவ்வப்போது அப்டேட் செய்யாவிட்டால் திருடன் புகுந்துவிடுவான். பிளகின் என்ற துணை மென்பொருள்களைக் கண்டபடி சேர்க்கக் கூடாது. அதிலுள்ள எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினாலும் எழுத்துகள்தான் வரும், படங்கள் அந்த ஃபைலில் இருக்காது. படங்களுக்கும் டேட்டாபேஸுக்கும் தனியாக முழு பேக்கப் எடுக்க வேண்டும். இந்த முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஹோஸ்டிங் வாங்கும்போது விளம்பரத்தில் போடும் விலையைப் பார்க்காதீர்கள். அது முதல் தவணைக்கான சலுகை விலை. புதுப்பிக்கும்போது என்ன விலை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். பேக்கப் யார் எடுப்பது, திரும்பப் போட்டுத் தரக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். வெப்சைட்டுக்குப் பாதுகாப்பான இணைப்பு கிடைக்க ஒரு சான்றிதழ் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. அதற்கும் தனிப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

டொமைனை ஹோஸ்டிங் வாங்கிய இடத்தில் வாங்காமல் வேறிடத்தில் தனியாக வாங்கினோம். கதவு எண் நம் கையில் இருந்தால், நிலத்தை மாற்றினாலும் தபால்காரர் வழி தவற மாட்டார். டாட் இன் என்று முடியும் முகவரி அது. பதிவு சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று தொடங்கிய இமெயிலில் இருக்கிறது. டொமைனை விற்ற கம்பெனி பிடிக்காவிட்டால், அவர்களிடம் ஒரு மாற்றுக் குறியீடு கேட்டு வாங்கி இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காலாவதி தேதியைத் தவறவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டோம்.

பழைய பக்கங்களை எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. எல்லா வீட்டாரின் பெயர், செல்போன் எண், ரத்த வகை கொண்ட பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இது மோசடி அழைப்புகள் பெருகிய காலம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமும் வந்துவிட்டது. அந்தப் பட்டியலைப் புது வெப்சைட்டில் ஏற்றவில்லை. அது சங்க அலுவலகத்தில் பதிவேடாக இருக்கும்.

பாஸ்வேர்டு விஷயம். வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்காது. டூப்ளிகேட் சாவி வேறு இடத்தில் இருக்கும். கைமாறும்போது பதிவேட்டில் கையெழுத்து. அதே முறையை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம். செயலாளரும் பொருளாளரும் தனித்தனிப் பெயரில் உள்ளே போகலாம். டொமைன், ஹோஸ்டிங், இமெயில் மூன்றின் விவரமும் சீல் வைத்த உறையில் தலைவரிடம் இருக்கிறது. நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு இதையும் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானமும் இன்று நிறைவேறியிருக்கிறது.

உங்களில் பலர் டியூஷன் நடத்துகிறீர்கள், ஊறுகாய், புடவை வியாபாரம் செய்கிறீர்கள். இலவசமாக ஒரு பக்கம் வைத்திருப்பீர்கள். இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். அது யார் இமெயிலில் இருக்கிறது, அந்த இமெயிலை யார் திறக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். பிறகு ஒரு பிரதி எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெள்ளத்தின்போது செயலாளர் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த படம் அந்த ஆல்பத்தில் இருந்தது. அது போய்விட்டது. அன்றைக்கு மாடியிலிருந்து நீங்களும் நிறையப் பேர் படம் எடுத்தீர்கள். பழைய செல்போன் அலமாரியில் எங்காவது கிடக்கும். சார்ஜ் போட்டுப் பாருங்கள். கிடைத்தால் என்னிடமோ அந்தக் கல்லூரிப் பெண்ணிடமோ கொடுங்கள். புது வெப்சைட்டில் அவர் எழுதிய பக்கம் ஏறிவிட்டது. படத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.