தும்மலெல்லாம் சளியன்று

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்தபின் உடல்நலம் குறித்துச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்தனர். சர்க்கரை நோய் குறித்தும் இரத்த அழுத்தம் குறித்தும் முன்பே பலர் பேசிவிட்டனர். ஆகவே, மழை ஓய்ந்து பனி தொடங்கியதும் சுபுஹுத் தொழுகையின் பின்வரிசைகளில் கேட்கிறதே, அந்தத் தும்மலைப் பற்றியே பேச எண்ணினோம். சிரிக்க வேண்டாம். இதில் நாமும் ஒருவர்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்காலம் இதனைச் 'சைனஸ்' என்றே நாம் நம்பியிருந்தோம். மார்கழி பிறந்தால் மூக்கில் நீர் கொட்டும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், கண் சிவக்கும். மருந்துக்கடையில் சொன்னால் நான்கு மாத்திரைகளை ஒரு தாளில் மடித்து 'செட்' என்று தருவார்கள். இரண்டு நாளில் நின்றுவிடும், மறுவாரம் திரும்பும். இறுதியில் ஒரு மருத்துவர் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூக்கு அரிக்கிறதா?" ஆம், மூக்கும் கண்ணும் அண்ணமும் சேர்ந்தே அரிக்கும். அத்தனை ஆண்டுகளில் எவரும் அதைக் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

சளி என்பது கிருமியால் வருவது. உடல்வலி, தொண்டைவலி, சில வேளை காய்ச்சல் ஆகியவற்றோடு வந்து ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். நாம் பேசுவது ஒவ்வாமையால் வருவது. இதில் காய்ச்சல் இராது, மூக்கிலிருந்து வடிவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், அரிப்பு இருக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும், ஆண்டுதோறும் அதே பருவத்தில் வரும். ஆங்கிலேயர் இதற்கு 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல், என்று பெயர் வைத்தனர். வைக்கோலும் காரணமன்று, காய்ச்சலும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆங்கிலேயர்க்கு மிக முந்தியே இதனைக் கவனித்தவர் ஒருவர் உண்டு. ரய் நகரத்தின் பெரும் மருத்துவர் அபூபக்ர் அல்ராஸீ (865–925), வசந்த காலத்தில் ரோஜா மலரும்போது பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைதுக்கு மட்டும் மூக்கொழுகல் வருவதேன் என்று ஆராய்ந்து தனியே ஒரு சிறு நூலே எழுதினார். பின்னர் 1819-இல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் சிறுவயது முதல் தமக்கிருந்த இதே துன்பத்தை விரிவாகப் பதிவு செய்தார். மகரந்தமே காரணம் என்று மெய்ப்பித்தவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயாளியே. புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலேயே இட்டுச் சோதித்தார். பசை தடவிய கண்ணாடித் தகட்டைக் காற்றாடியில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டறிந்தார். அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது.

காற்றாடிச் செய்தியைச் சொல்லக் காரணம் உண்டு. கல்வராயன் மலைக்குப் போனால் தும்மல் நின்றுவிடும் என்று நம்மில் சிலர் கூறுகின்றனர். வெள்ளிமலையின் காற்று இனிமையானதே, ஐயமில்லை. ஆயினும் புல்லும் மரமும் பூக்கும் இடமெல்லாம் மகரந்தம் உண்டு. அங்கு ஓரிரு நாள் நலமாக இருப்பது, நம் வீட்டு மெத்தைத் தூசியை விட்டுச் சென்றதனாலும் இருக்கலாம். மலையில் வாழ்வோர்க்கோ விறகடுப்புப் புகை ஒரு தனித் துன்பம்.

நம் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மூக்கைச் சீண்டுபவை பல. நெல், மக்காச்சோளம், கரும்பு, அறுகு ஆகிய யாவும் புல்லினமே. இவற்றின் மகரந்தம் காற்றில் பரவும். கரும்புச் சோகை எரிக்கும் புகையும், நெல் அடிக்கும் தூசும், அரிசி ஆலைத் தவிடும் ஒவ்வாமை உள்ள மூக்கை மேலும் புண்படுத்தும். இவற்றினும் கொடியது பார்த்தீனியம். 1950-களில் புனே நகரில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்த அமெரிக்கக் களை, இன்று நம் சாலையோரமெங்கும் வெண்பூவோடு நிற்கிறது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். இதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் என்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் முன்பே காட்டியுள்ளனர். இலை பட்டால் தோலிலும் அரிப்பு வரும். இதைத் தின்னும் வண்டினை மெக்சிகோவிலிருந்து வருவித்து 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். வண்டும் தின்கிறது, செடியும் வளர்கிறது.

நம் உடல் இந்த மகரந்தத்தைப் பகைவனெனத் தவறாகக் கருதி 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை மகரந்தம் நுழைந்ததும் மூக்கின் உட்புறத் திசுவிலுள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் நீரொழுக்கும் அதனால் வருபவை. சில மணி நேரம் கழித்து வரும் வீக்கமே மூக்கடைப்பு. மாத்திரை தும்மலை நிறுத்தினாலும் அடைப்பை அவ்வளவாகத் தீர்க்காதது ஏன் என்பது இதனால் விளங்கும்.

மருந்து பற்றி வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அவில் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். அதை விழுங்கிவிட்டு இருசக்கர வாகனமோ லாரியோ ஓட்டக் கூடாது. லோராடடின், ஃபெக்சோபெனடின் போன்றவற்றில் தூக்கம் குறைவு. செட்ரிசினில் சிலர்க்குத் தூக்கம் வரும். உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து இருக்கிறதே, அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகும்; பிறகு அது இன்றி உறங்க இயலாது. 'செட்' மாத்திரைக்குள் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அதுவும், ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசியும் சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். நாம் பதினைந்து ஆண்டுகள் விழுங்கியதில் எத்தனை இருந்தது என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

தொல்லை நாள்தோறும் இருப்போர்க்கு முதன்மையான மருந்து, மூக்கில் பீய்ச்சும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. 'இதுவும் ஸ்டீராய்டுதானே' என்று கேட்பீர்கள். மிகச் சிறிய அளவு, மூக்கிலேயே வேலை செய்வது. இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் ஒரு நாளில் பலன் தெரியாது. முழுப் பலனுக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். இரண்டு நாள் பீய்ச்சிவிட்டுப் 'பயனில்லை' என்று பரண்மேல் போட்டவர் பலர். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இட நாசியிலும் இடக்கையால் வல நாசியிலும், நடுத்தண்டின்மேல் படாமல் வெளிப்புறம் நோக்கிப் பீய்ச்ச வேண்டும். பலமாக உறிஞ்ச வேண்டாம். பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது சிறப்பு. நோன்புக் காலத்தில் ஸஹருக்கு முன்னும் இஃப்தாருக்குப் பின்னும் வைத்துக்கொள்ளலாம். பகலில் பயன்படுத்துவது பற்றி இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்க.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லதே; மகரந்தத்தை அது வெளியேற்றும். ஆனால் கொதிக்க வைத்து ஆறவைத்த நீராக இருக்க வேண்டும். ஹவுளு நீரையோ தொட்டி நீரையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கின் வழியே நுழைந்து 2024-இல் கேரளத்தில் சிறார்கள் உயிரிழந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். ஒளுச் செய்யும்போது நீரை மென்மையாக உள்ளிழுத்தால் போதும். ஹவுளைக் கழுவிக் குளோரின் இடும் பணியை நிர்வாகக் குழு தவறாது நடத்த வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.

விரிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். ஸஜ்தாவில் நெற்றியோடு மூக்கும் தரையில் படுகிறது. தடித்த கம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழும். அன்பளிப்பாக வந்த கம்பளங்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வாரந்தோறும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்து வெயிலில் காயவைக்க இயலாதெனில், கழுவக்கூடிய பாயே மேல் என்பது நம் கருத்து. வீட்டிலும் தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது பயன் தரும்.

இனி, இந்தத் தலைப்பை எடுத்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறோம். நம் பேரனுக்கும் இதே தும்மல் இருந்தது. மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பான். வாய் திறந்து உறங்குவான். இரவில் வறட்டு இருமல். 'தாத்தாவைப் போல' என்று வீட்டில் சிரித்தோம். ஒரு தை மாதத்து இரவு மூச்சு இழுத்தது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கியது. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம், அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். மூக்கும் நுரையீரலும் ஒரே வழியின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமை உள்ளவர்க்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம் என்று பின்னரே அறிந்தோம். இன்று ஸ்ப்ரேயும் இன்ஹேலரும் கொண்டு பள்ளியில் ஓடி விளையாடுகிறான்.

இரவு இருமல், மூச்சிழைப்பு, ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த நீர் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மருந்துக்கடையில் நிற்காதீர்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது.

கடைசியாக, கபுருஸ்தானில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். வரும் ஞாயிறு சுபுஹுக்குப் பின் இளைஞர்கள் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டையோடு வருக. தும்மல் உள்ளவர்கள் களை பிடுங்க வர வேண்டாம். அவர்கள் நம்மோடு சேர்ந்து தேநீர் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.